மாலை போடாம ஒரு மாசம்: ஜனவரில குடியை நிறுத்துறது எப்படி

கார்த்திகை 1 வந்தா எங்க கம்பெனில பாதிப் பேரு மாலை போட்டுருவாங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் செக்ஷன் பாத்துக்கறேன், சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட நேரா கடைக்குப் போற ஆளுங்களை 18 வருசமா பக்கத்துல இருந்து பாக்கறேன், அதுல நானும் ஒருத்தனா பல வருசம் இருந்திருக்கேன். குவாட்டர் இல்லாம வீட்டுக்கே போகாத ஆளு கூட மாலை போட்டுட்டா 48 நாள் சொட்டு தொடமாட்டாரு, யாரும் அவரைக் கட்டாயப்படுத்தறதில்ல, பக்கத்துல பத்துப் பேரு குடிச்சாலும் அந்தப் பக்கம் திரும்பமாட்டாரு. மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டுறாரு, அன்னைக்குப் பொழுதோட பாத்தா கடை வாசல்ல நிப்பாரு.

இதை வருசா வருசம் பாத்து பாத்து எனக்குள்ள ஒரு கேள்வி வந்துருச்சு. 48 நாள் முடியுதுன்னா நிறுத்தற சக்தி அவருகிட்ட இருக்குன்னுதானே அர்த்தம், அப்புறம் 49வது நாள் எங்க போயிருது? சாமி மேல பயம்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவோம். பயமும் பக்தியும் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா மாலை போட்டதும் அவரோட நாளே மாறிப் போயிருது பாருங்க. விடியறதுக்கு முன்னாடி குளியல், பொழுதோட பஜனை, வீட்டுல தனிச் சாப்பாடு, ஊரே அவரை சாமின்னு கூப்பிடுது, கூடவே சுத்தறவங்க எல்லாரும் மாலை போட்டவங்க. குடிக்கிறதுக்கு அந்த நாள்ல இடமே இல்ல. மாலையைக் கழட்டினதும் இது அத்தனையும் ஒரே நாள்ல போயிருது, பழைய ஏழு மணி திரும்பி வந்துருது, ஏழு மணி வந்தா கடையும் வந்துருது.

அதனால ஜனவரி ஒரு மாசம் நிறுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: மன உறுதியை மட்டும் நம்பி இறங்காதீங்க, மாலை செஞ்சு குடுக்கிற வேலையை நீங்களே ஒவ்வொண்ணா கட்டிக்கோங்க. நான் மூணு ஜனவரி பண்ணியிருக்கேன், மொத வருசம் பாதில விட்டேன், அடுத்த ரெண்டு வருசமும் 31 நாள் முழுசா. வெளிநாட்டுலயும் இந்தப் பழக்கம் இருக்கு, இங்கிலாந்துல 2013ல ஒரு தொண்டு அமைப்பு ட்ரை ஜனவரின்னு ஆரம்பிச்சாங்க, இப்ப அங்க லட்சக்கணக்கான பேரு பண்றாங்க. நமக்கு மாலை அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு.

தனியா நிறுத்தக் கூடாதவங்க யாரு

எப்படி நிறுத்தறதுங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுருங்க, தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. தினமும் நிறைய குடிக்கிறவரா இருந்தா, காலைல எந்திரிச்சதும் கை நடுங்குதுன்னா, நடுக்கம் நிக்கறதுக்காகவே காலைல ஒரு கட்டிங் தேவைப்படுதுன்னா, முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு வந்திருந்தா, நீங்க ஜனவரி 1ல திடீர்னு நிறுத்தக் கூடாது. டாக்டர் பாத்துத்தான் நிறுத்தணும். பயமுறுத்தறதுக்குச் சொல்லல, உடம்பு அப்படித்தான் வேலை செய்யுது. சாராயம் மூளையை மந்தப்படுத்துது, வருசக்கணக்கா தினமும் மந்தப்படுத்தினா மூளை அதை ஈடுகட்ட எந்நேரமும் வேகத்தைக் கூட்டியே வச்சிருக்கும், திடீர்னு சாராயத்தை எடுத்துட்டா அந்த வேகத்தைப் பிடிச்சு நிறுத்த ஆள் இல்ல. கடைசியா குடிச்சு 6ல இருந்து 12 மணி நேரத்துல நடுக்கம், வேர்வை, படபடப்பு, குமட்டல் ஆரம்பிக்கும். மொத ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு நாள்ல இருந்து நாலு நாளுக்குள்ள சில பேருக்கு புத்தி குழம்பி, இல்லாத ஆளு நிக்கற மாதிரி, உடம்புல பூச்சி ஊர்ற மாதிரி எல்லாம் தெரியும், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து.

2020 மார்ச் கடைசில ஊரடங்குல கடையெல்லாம் மூடினப்ப இதைத்தான் ஊர் ஊரா பாத்தோம், நடுக்கமும் வலிப்புமா எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. இன்னொண்ணு, எங்க கம்பெனில மாலை போட்ட மொத மூணு நாள் "குளிர் காய்ச்சல்"னு லீவு போடுற ஒரு அண்ணன் இருந்தாரு, பச்சத்தண்ணி குளியல் ஒத்துக்கலன்னு நாங்க எல்லாம் நினைச்சோம். அது காய்ச்சல் இல்லைன்னு இப்ப எனக்குப் புரியுது.

இந்த மாதிரி ஆளுங்களுக்கு நாலஞ்சு நாள் மாத்திரை குடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு பாதுகாப்பா நிறுத்திருவாங்க. மாவட்ட அரசு தலைமை ஆஸ்பத்திரிலயே மனநல டாக்டர் இருக்காங்க, அங்க காசு கிடையாது. மனநல டாக்டர்கிட்ட போறதுக்குக் கூச்சப்பட வேண்டாம், குடியை நிறுத்த வைக்கிறது அவங்க தினமும் பண்ற வேலைதான். எங்க போறதுன்னு தெரியலன்னா அரசாங்கத்தோட மருத்துவ உதவி நம்பர் 104க்கு அடிங்க, இல்ல மனநல உதவி நம்பர் 14416, ரெண்டுலயும் தமிழ்ல பேசுவாங்க. குடி, போதைக்குன்னே தனியா 14446ன்னு ஒரு நம்பரும் இருக்கு. யாரோ குடுத்தாங்கன்னு தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு வீட்டுல படுத்துராதீங்க, அது இன்னொரு ஆபத்து. சுகர் மாத்திரை, இன்சுலின், பிரஷர் மாத்திரை எடுக்கிறவங்களும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, குடி நின்னா அளவெல்லாம் மாறும்.

வாரத்துக்கு மூணு நாலு நாள் குடிக்கிறவங்க, சனி ஞாயிறு ஆளுங்க, ட்ரீட்டுக்கு ட்ரீட் போறவங்க, குடிக்காத நாள்ல நடுக்கம் வேர்வைன்னு எதுவும் வராதவங்க, இவங்களுக்குத்தான் மீதி எல்லாம்.

டிசம்பர் கடைசி வாரத்துல

ஒரு பேப்பர் எடுத்து போன வாரம் எத்தனை நாள், எவ்வளவு, யாரு கூட, எத்தனை மணிக்குன்னு எழுதுங்க. மனசுல வச்சிருக்கிற கணக்கு எப்பவும் கம்மியாத்தான் இருக்கும், நான் வாரம் ரெண்டு நாள்னு நம்பிட்டு இருந்தேன், எழுதிப் பாத்தா நாலு. ஒரு தடவைக்கு குவாட்டர், தண்ணி பாட்டில், டம்ளர், ஆம்லெட், சுண்டல், வீட்டுக்குப் போற வழியில பிள்ளைங்களுக்கு சமாதானத்துக்கு ஒரு புரோட்டா பார்சல், எல்லாம் சேத்து 350 ரூபா. மாசத்துக்கு 18 தடவை, 6,300 ரூபா. அந்த நம்பரைப் பாத்துட்டு நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், என் பையன் ஸ்கூல் வேன் ஃபீஸ் கட்ட மூணு மாசமா இழுத்துட்டு இருந்த நேரம் அது.

உடம்புக் கணக்கும் போட்டுப் பாருங்க. குவாட்டர்னா 180 மில்லி, அதுல 42.8 சதவீதம் சாராயம், கிராம்ல சொன்னா 60க்கு மேல. கலோரில 420 கிட்ட வரும், ஏழெட்டு இட்லி சாப்பிட்ட கணக்கு. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழுல இருந்து பத்து கிராம் வரைக்கும்தான் கரைக்கும், அப்படின்னா ராத்திரி 9 மணிக்குக் குடிச்சு முடிச்சா விடியக்காலம் 4, 5 மணி வரைக்கும் உள்ள ஓடிட்டேதான் இருக்கும். காலைல பைக் எடுக்கறப்ப தலை கனமா இருக்கறது தூக்கம் பத்தாததால மட்டும் இல்ல.

முடிஞ்சா டிசம்பர் கடைசில லேப்ல ஈரல் டெஸ்ட், எல்எஃப்டின்னு கேட்டா எடுப்பாங்க, அதோட எடை, பிரஷர் மூணும் பாத்து அதே பேப்பர்ல எழுதி வச்சுருங்க. மாசக் கடைசில திரும்ப எடுக்கறப்ப ஜிஜிடின்னு ஒரு நம்பரைப் பாருங்க, குடியால ஏறியிருந்தா பெரும்பாலும் ஒரு மாசத்துல நல்லா எறங்கியிருக்கும். கண்ணால பாக்கற மாதிரி ஒண்ணு கைல இருந்தா அது வேற பலம்.

வீட்டுல பாதி பாட்டில், பீரோவுக்கு மேல, வண்டி சீட்டுக்கு அடில வச்சிருக்கிறது எல்லாத்தையும் கொட்டிருங்க. யாருக்கும் குடுக்காதீங்க, குடுக்கப் போனா அங்க உக்காந்துருவோம். "அதான் 31ஆம் தேதியோட கடைசியாச்சே"ன்னு அன்னைக்கு மூணு நாள் சேத்து குடிக்கிற வேலையும் வேண்டாம், மறுநாள் தலைவலியோட தொடங்கற விரதம் ரெண்டு நாள் தாங்காது. 31 ராத்திரி 12 மணிக்கு கோயில் திறந்து வைப்பாங்க, சர்ச்ல ஆராதனை நடக்கும், போயிட்டு வாங்க, குடும்பத்தோட போனா இன்னும் நல்லது.

மாலை செய்யற நாலு வேலை

மொதல்ல பேரு. மாலை போட்டவரை சாமின்னு கூப்பிடறாங்க, அவரே தன்னை அப்படி நினைச்சுக்கறாரு, சாமி குடிக்குமா? நமக்கு அந்தப் பேரு இல்ல, அதனால நாமளா ஒரு வார்த்தை வச்சுக்கணும். "குடியைக் குறைக்கப் பாக்கறேன்", "முயற்சி பண்றேன்" இதெல்லாம் கதவைத் திறந்தே வைக்கிற பேச்சு, கேக்கறவங்களுக்கும் ஒரு பெக் ஊத்தலாம்னு தோணும், நமக்கும் தோணும். "இந்த மாசம் குடிக்கறதில்ல." இவ்வளவுதான். வீட்டுல, கம்பெனில, கூடக் குடிக்கிறவங்ககிட்ட, மூணு இடத்துலயும் ஜனவரி 1க்கு முன்னாடியே இதே வார்த்தைல சொல்லிருங்க. மாலை போட்டிருக்கேன்னு பொய் சொல்ல வேண்டாம், டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருன்னும் சொல்ல வேண்டாம், பொய்க்குக் காவல் காக்கறதே பெரிய வேலையா போயிரும்.

ரெண்டாவது நேரம், எல்லாத்துலயும் பெருசு இதுதான். கடை மதியம் 12ல இருந்து ராத்திரி 10 வரைக்கும், ஆனா நம்ம கண்டம் 7ல இருந்து 10 வரைக்கும்தான். வேலை முடிஞ்சு களைச்சு, பசியோட, அன்னைக்கு மேனேஜர் பேசின பேச்சு மனசுல ஓடிட்டு, நேரா வீட்டுக்குப் போகவும் மனசில்லாத நேரம் அது. மாலை போட்டவங்களுக்கு அந்நேரம் பஜனை. உங்களுக்கு அந்த மூணு மணி நேரத்துல என்னன்னு டிசம்பர்லயே முடிவு பண்ணி வைங்க, அன்னைக்கு பாத்துக்கலாம்னு விட்டா அன்னைக்கு கடைதான். நான் மொதல்ல பண்ணது வழியை மாத்தினது. வழக்கமா போற ரோட்டுல கடை இருக்கு, அதனால பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமா ரெண்டு கிலோமீட்டர் சுத்திப் போனேன், பெட்ரோல் செலவு குவாட்டர்ல பத்துல ஒரு பங்கு கூட வரல. அப்புறம் 6:30க்கே வயித்துக்கு ஏதாவது, ரெண்டு வாழைப்பழம், பொரிகடலை, கடலை மிட்டாய். பாதி நாள் நாம குடிக்கணும்னு நினைக்கிறது நிஜத்துல பசி, நான் இதை நம்பவே மாட்டேன்னு இருந்தேன், சாப்பிட்டதுக்கு அப்புறம் அந்த நினைப்பு எவ்வளவு இறங்குதுன்னு நீங்களே பாருங்க. 7:30க்கு பையனோட ஷட்டில், மழை வந்தா அவன் ஹோம்வொர்க். 9 மணிக்கு குளியல்.

அப்படியும் ஆசை வரும். அலை மாதிரி வரும், ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும், பெரும்பாலும் இருபது முப்பது நிமிசத்துக்குள்ள. அந்நேரம் "இனிமே குடிக்கவே கூடாது"ன்னு பெருசா யோசிக்காதீங்க, அரை மணி நேரம் தள்ளிப் போடுங்க, எந்திரிச்சு இடத்தை மாத்துங்க, யாருக்காவது போன் போட்டு வேற ஏதாவது பேசுங்க. 10 மணி ஆச்சா, கடை சாத்திருவான், அன்னைக்குக் கணக்கு முடிஞ்சுது. பிளாக்ல கிடைக்கும்தான், பார்ல கிடைக்கும்தான், ஆனா அதுக்கு ஒரு தடவை எந்திரிச்சுக் கிளம்பணும், 10 மணிக்கு மேல அந்த ஆசைக்கு அவ்வளவு தெம்பு இருக்காது.

மூணாவது வாய்க்கும் கைக்கும் ஒண்ணு. நாக்குக்கு அந்தக் கசப்பும் காரமும் பழகிருச்சு, கைக்கு டம்ளர் பழகிருச்சு. சுக்கு காபி நல்லா காரமா, இஞ்சி தட்டிப் போட்ட எலுமிச்சை சோடா உப்புப் போட்டு, கோலி சோடா, பன்னீர் சோடா, மோர்ல பச்சமொளகா இஞ்சி போட்டு. சைடிஷை விட்டுராதீங்க, சுண்டலும் ஆம்லெட்டும் உங்களுக்கு என்ன பண்ணுச்சு, வீட்டுலயே செஞ்சு சாப்பிடுங்க. சாராயம் இல்லாத பீர்னு இப்ப பாட்டில் வருது, சில பேருக்கு உதவுது, எனக்கு அது வேண்டாம், அந்த வாசம் மூக்குல ஏறினா நினைப்பு நேரா கடைக்குத்தான் போகுது. குடிக்குப் பதிலா சிகரெட்டையும் புகையிலையையும் ஏத்திக்காதீங்க, இனிப்பு தின்னாக் கூட பரவால்ல.

நாலாவது கூட்டம். மாலை போட்டவரு தனியா இருக்கறதே இல்ல. ஒரே ஒரு ஆளையாவது சேத்துக்கோங்க. எனக்கு ரெண்டாவது வருசம் சாயப்பட்டறைல வேலை பாக்கற ஒரு அண்ணன் சேந்தாரு, தினமும் ராத்திரி 10 மணிக்கு ஒருத்தருக்கொருத்தர் வாட்ஸ்அப்ல ஒரே வார்த்தை அனுப்பணும், "சாத்தியாச்சு". கடை சாத்தியாச்சு, இன்னைக்கு குடிக்கலன்னு அர்த்தம். அனுப்பலன்னா 10:05க்கு அவரு போன் வந்துரும். அந்த ஒரு வார்த்தை அனுப்பணுமேங்கறதுக்காகவே நான் தாண்டின நாள் நாலஞ்சு இருக்கு. ஆள் கிடைக்கலன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடியை விட்டவங்களே கூடி நடத்தற கூட்டம் பல ஊர்ல தமிழ்லயே நடக்குது, பேரு ஊரு கேக்கமாட்டாங்க, காசு கிடையாது. குடிக்கிற பொம்பளைங்களுக்கு வெளிய சொல்றது இன்னும் கஷ்டம்னு தெரியும், அவங்களுக்கு அந்த 14416 போன் ரொம்ப உதவும், வீட்டுல இருந்தே பேசலாம்.

மொத வாரம், தூக்கம்

மொத நாலஞ்சு நாள் தூக்கம் வராது, வந்தாலும் கண்டபடி கனவு வரும், எரிச்சல் வரும், பிள்ளைங்க மேல கத்துவோம். குடியை விட்டதால உடம்பு கெட்டுருச்சுன்னு இங்கதான் பாதிப் பேரு திரும்பிப் போறாங்க. நடக்கறது என்னன்னா, குடிச்சா மயங்கி விழறோம், அது சரியான தூக்கம் இல்ல, ராத்திரி பின்பகுதி தூக்கத்தை அது கெடுத்துருது, கனவு வர்ற தூக்கத்தை அமுக்கிருது. நிறுத்தினதும் அமுக்கி வச்சதெல்லாம் மேல வருது. ரெண்டாவது வாரத்துல சரியாகத் தொடங்கும், எனக்கு 11வது நாள் காலைல அலாரத்துக்கு முன்னாடி முழிப்பு வந்துச்சு, வாய் வறண்டு போகாம, தலை பாரமில்லாம, அப்படி எந்திரிச்சு எத்தனை வருசம் ஆச்சுன்னு எனக்கே நினைவில்ல. பொழுதோட டீ, காபியை மட்டும் 5 மணியோட நிறுத்திருங்க.

நடுக்கம், குழப்பம், வலிப்பு மாதிரி எதாவது இந்த வாரத்துல தெரிஞ்சா மேல சொன்னதுதான், உடனே ஆஸ்பத்திரி, அப்ப விரதம் ரெண்டாம் பட்சம்.

நோம்பி

பொங்கல் நோம்பிதான் ஜனவரியோட பெரிய மேடு. போனஸ் கைல இருக்கும், லீவு நாலஞ்சு நாள், ஊருக்குப் போவோம், ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க, வருவாங்க, வருசம் பூரா பாக்காத பங்காளியும் மச்சானும் ஒரே இடத்துல இருப்பாங்க. பட்டிப்பொங்கல் அன்னைக்கு மாட்டுக்குப் பொங்கல் வச்சு முடிச்சதும் தோட்டத்துல தென்னை மரத்தடில பாய் விரிச்சா அங்க என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். நான் மொத வருசம் விழுந்தது அங்கதான். என் மச்சான் ஆசையா வாங்கிட்டு வந்தாரு, "ஏனுங் மாப்ள, நோம்பியும் அதுவுமா"ன்னு டம்ளரை நீட்டினாரு, அவரு மனசு நோகக் கூடாதுன்னு வாங்கினேன். 14 நாள் இருந்தது, ஒரு நிமிசத்துல போச்சு.

அடுத்த வருசம் முன்னாடியே மச்சானுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவரு ஒண்ணுமே சொல்லல, சரி மாப்ளன்னாரு. ஒரு வருசம் பூரா நான் பயந்தது ரெண்டு நிமிசப் பேச்சுக்கு. கூட்டத்துல வச்சு வேண்டாம்னு சொன்னா அவங்களுக்கு அது அவமானமா படுது, முன்னாடியே தனியா சொன்னா மரியாதையா எடுத்துக்கறாங்க. இதை நல்லா மனசுல வைங்க.

அன்னைக்கு உங்களுக்குன்னு ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கோங்க. ஒறம்பரையைப் பஸ் ஏத்தி விடற வேலை, வண்டி ஓட்டற வேலை, கறி சமைக்கிற வேலை. அடுப்புகிட்ட நிக்கறவனை யாரும் உக்காரச் சொல்லமாட்டாங்க. கைல எப்பவும் ஒரு டம்ளர் இருக்கட்டும், மோரோ சோடாவோ, வெறுங்கைதான் வம்பு. "ஒரு பெக்குல என்ன ஆயிரப் போகுது"ன்னு கேப்பாங்க, "ஒண்ணும் ஆகாது மாப்ள, ஆனா இந்த மாசம் இல்ல"ன்னு அதே வார்த்தை, மூணு தடவை சொன்னா நாலாவது கேக்கமாட்டாங்க. காரணம் சொல்லத் தொடங்கினாத்தான் வாதம் வரும். மூணாவது ரவுண்டு ஓடறப்ப எந்திரிச்சுருங்க, அதுக்கு மேல அங்க நல்ல பேச்சும் நடக்காது. பூப்பறிக்கிற நோம்பி, அதான் காணும் பொங்கல் அன்னைக்குப் பிள்ளைங்க, பொண்டாட்டி கூட ஆத்தங்கரைக்கோ கோயிலுக்கோ போயிருங்க.

இந்த மாசத்துல அரசாங்கமே கடையைச் சாத்தற நாளும் வருது. திருவள்ளுவர் தினம் ஒண்ணு, பட்டிப்பொங்கலோட சேந்து வரும், ஜனவரி 26 குடியரசு தினம் ஒண்ணு. வள்ளலார் நினைவு நாள் தைப்பூசத்தன்னைக்கு, அது சில வருசம் ஜனவரி, சில வருசம் பிப்ரவரி. அந்த நாளை நினைச்சு நிம்மதி ஆயிராதீங்க, பயப்பட வேண்டியது அதுக்கு முந்தின நாள் பொழுதோட. "நாளைக்குக் கடை இல்ல"ன்னு ரெண்டு நாளுக்கு வாங்கி வைக்கிற கூட்டம் நிக்கும், நமக்கும் கால் தானா போகும், பழக்கம் அப்படி. அன்னைக்கு வழியை மாத்தறதை மறக்காதீங்க. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போறவங்க கூட சேந்துக்கறது ரொம்ப நல்ல வழி, நடந்து களைச்ச உடம்புக்கு சோறும் தூக்கமும்தான் வேணும்.

நடுவுல ஒரு நாள் குடிச்சுட்டா

மாலைல இருந்து எடுத்துக்கக் கூடாதது ஒண்ணு இருக்கு. விரதம் கலைஞ்சா கலைஞ்சதுதான், மாலையைக் கழட்டிரணும்ங்கற அந்தக் கணக்கு. நான் மொத வருசம் பண்ணது அதேதான், 15ஆம் தேதி ஒரு டம்ளர் குடிச்சேன், போச்சு எல்லாம் போச்சுன்னு 16, 17, 18 மூணு நாளும் குடிச்சேன். அந்த ஒரு டம்ளரை விட அடுத்து வந்த மூணு நாள்தான் என்னைக் கெடுத்துச்சு. இங்க தீட்டு ஒண்ணும் இல்லைங்க. குடிச்ச நாளை பேப்பர்ல சிவப்புல வட்டம் போடுங்க, எத்தனை மணி, யாரு கூட, என்ன மனநிலைன்னு பக்கத்துல எழுதுங்க, மறுநாள் 16ன்னே எழுதுங்க, மறுபடி 1ல இருந்து எண்ணாதீங்க. இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல இந்த ஜனவரி ஆளுங்களைத் தொடர்ந்து கவனிச்சு 2018 கடைசில ஒரு முடிவு வெளிய விட்டாங்க, ஆகஸ்ட்லயும் அவங்க வாரத்துக்குச் சராசரியா 4.3 நாள் குடிச்சிட்டு இருந்தது 3.3 நாளா குறைஞ்சே இருந்துச்சு, மாசத்தை முழுசா முடிக்காதவங்களுக்கும் ஓரளவு பலன் இருந்துச்சு. பாதி மாசமும் வீண் இல்ல.

வீட்டுல இருக்கறவங்களுக்கு

இதைப் படிக்கிற அக்கா, தங்கச்சி, அம்மா யாராவது இருந்தா ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். குடிக்கிறவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்கன்னு ஒரு பவுடர், மாத்திரை விளம்பரம் பாத்திருப்பீங்க. அதுல பல நேரம் என்ன இருக்குன்னே தெரியாது. டைசல்பிராம்னு ஒரு மருந்து நிஜமா இருக்கு, அது உள்ள இருக்கறப்ப குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிரே போகலாம், அதனாலதான் டாக்டருங்க அதை குடிக்கிறவரோட சம்மதத்தோட, அவருக்குத் தெரிஞ்சு மட்டும் குடுப்பாங்க. தெரியாம கலக்காதீங்க.

அவரு நிறுத்தறேன்னு சொன்ன மொத நாள்ல இருந்து சட்டைப் பையைச் சோதிக்கிறது, வாயை மோந்து பாக்கறது, "எத்தனை நாளைக்கு இந்த நாடகம்"னு கேக்கறது, இத்தனை வருசம் நீங்க பட்ட வேதனைல அந்த வார்த்தை வரும், வர்றது நியாயமும்தான். ஆனா அந்த 7 மணில ஒரு சுக்கு காபி முன்னாடி வச்சா அது செய்யற வேலை பெருசு. என் வீட்டுக்காரி அந்த ரெண்டாவது வருசம் ஒரு கேள்வி கேக்கல, தினமும் 6:30க்கு போன் பண்ணி "என்ன டிபன் செய்யட்டும்"னு மட்டும் கேட்டா. நான் அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டா வீட்டுக்குப் போயித்தானே ஆகணும்.

பிப்ரவரி 1

மாலையைக் கழட்டற நாள் மாதிரிதான் இது, ஜனவரி 25 வாக்குலயே இதுக்குத் தயார் பண்ணுங்க. மாசக் கடைசில டெஸ்ட் எடுங்க, எடை, பிரஷர் பாருங்க, மிச்சம் பிடிச்ச காசை எண்ணுங்க, அந்தக் காசை வீட்டுல எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒண்ணுக்குச் செலவு பண்ணுங்க. எனக்கு ரெண்டாவது வருசம் எடை மூணு கிலோ குறைஞ்சிருந்தது, 6,300 ரூபால வேன் ஃபீஸ் பாக்கியைக் கட்டினேன், மீதில பொண்டாட்டிக்கு ஒரு காட்டன் சேலை.

31 நாள் முடிச்சுட்டோம்னு கொண்டாட கடைக்கே போறாங்க பாருங்க, அதுதான் ரொம்பக் கவலையா இருக்கு. ஒரு மாசம் நின்ன உடம்பு பழைய அளவைத் தாங்காது, முன்னாடி சாதாரணமா போன ஒரு குவாட்டர் இப்ப தலைக்கேறும், அந்த நிலைமைல வண்டி எடுத்தா என்ன ஆகும். அதனால பிப்ரவரி 1 பொழுதோட எங்க இருப்பீங்க, யாரு கூட இருப்பீங்கன்னு எழுதி வச்சுருங்க. திரும்ப குடிக்கறதா வேண்டாமாங்கறதை அன்னைக்கு முடிவு பண்ணாதீங்க, ஒரு பத்து நாள் போகட்டும். பேப்பரை எடுத்துப் பாருங்க, எந்த நாள் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, எந்த நாள் நினைப்பே வரல. 31 நாளும் ஒவ்வொரு நிமிசமும் போராட்டமாவே இருந்திருந்தா, பல தடவை முயற்சி பண்ணியும் ஒரு வாரம் தாண்டலன்னா, அது உங்க மனசோட பலவீனம் இல்ல, வைத்தியம் வேணும்ங்கற அறிகுறி, டாக்டர்கிட்ட போங்க. அளவா வச்சுக்கலாம்னு முடிவு பண்றவங்க எந்த நாள், எத்தனை, யாரு கூடன்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு அதுக்கு மேல போகாதீங்க. ஆனா கொஞ்சமா குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு சொல்றதை நம்பாதீங்க, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரிலயே தெளிவா சொல்லிருச்சு.

நான் மூணாவது ஜனவரிக்கு அப்புறம் தொடல. சாயப்பட்டறை அண்ணன் வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை குடிக்கிறாரு, குடிச்ச அன்னைக்கு மறைக்காம சொல்லிருவாரு. சனிக்கிழமை சம்பள நாள்ல மட்டும் இன்னமும் ராத்திரி 10 மணிக்கு ரெண்டு பேரும் "சாத்தியாச்சு" அனுப்பிக்கறோம், இந்த டிசம்பர்ல கம்பெனில இன்னும் நாலு பேரு அந்தக் குரூப்ல சேந்திருக்காங்க.